ரிமாண்ட் நேரத்தில் பேசுங்கள்: சேலம், நாமக்கல் வழக்கறிஞர்களுக்கு ஒரு திறந்த மடல்



1992 ஜூன் 20 அன்று, அரூர் பக்கத்து வாச்சாத்தி கிராமத்துக்குள் வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் சந்தனக்கட்டை தேடி நுழைந்தன. ஊர் சூறையாடப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். இவ்வளவும் தமிழ்நாடு அறிந்த கதை. அதற்குப் பிறகு நடந்ததுதான் உங்கள் தொழிலோடு நேரடியாகத் தொடர்புள்ளது. 90 பெண்கள், 28 குழந்தைகள், 15 ஆண்கள் என 133 பேர் மீது வழக்குப் போட்டு, ரிமாண்ட் வாங்கி, சேலம் மத்திய சிறைக்கு அனுப்பினார்கள். கிட்டத்தட்ட அனைவரும் மலையாளிப் பழங்குடியினர்.

அடிபட்டவர்கள் அஸ்தம்பட்டிச் சிறைக் கம்பிக்குப் பின்னால் இருந்தார்கள். அடித்தவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் சொன்னது 2011 செப்டம்பர் 29 அன்று. உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பி.வேல்முருகன் அதை உறுதிசெய்தது 2023-இல், அதே செப்டம்பர் 29 அன்று. ஊழியர்களைக் குற்றவாளிகள் என்று சொல்ல 19 ஆண்டுகள் ஆயின. ஊராரை உள்ளே தள்ள ஒரு ரிமாண்ட் ஆணை போதுமாக இருந்தது.

இந்த மடல் அந்த ஆணை பிறக்கும் சில நிமிடங்களைப் பற்றியது. யார் சிறைக்குப் போகிறார்கள் என்பது தீர்ப்பு நாளில் முடிவாவதாக வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். நீங்கள் அப்படி நினைக்க மாட்டீர்கள். பெரும்பாலும் அது கைதான மறுநாள், நடுவரின் முன்னால், ஒரு போலீஸ்காரர் வழக்குக் கட்டை நீட்ட ஒருவர் கையெழுத்திடும் நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. சாதியும் பழங்குடி அடையாளமும் சிறைவாசல் தாண்டி உள்ளே போகும் வழிகளில் முக்கியமானது இது.

எண்களைப் பாருங்கள். தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர் மீது குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. விசாரணைக் கைதிகளில் ஐந்தில் ஒருவருக்கும் சற்று அதிகமானோர் பட்டியல் சாதியினர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் அவர்களின் பங்கு 16.6 விழுக்காடு. பழங்குடியினரும் இஸ்லாமியரும்கூட மக்கள்தொகையில் தங்களுக்குள்ள பங்கைவிடக் கூடுதலாகவே சிறையில் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கறுப்பின மக்கள் மக்கள்தொகையில் சுமார் 13 விழுக்காடு, சிறைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் 4 விழுக்காட்டுக்கும் குறைவு, சிறையில் அவர்களும் மூன்றில் ஒரு பங்கு. அவற்றோடு ஒப்பிட்டால் நம் நாட்டு இடைவெளி சிறியதாகத் தெரியும். ஆனால் நம் கணக்கில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த ஓட்டை உங்கள் இரு மாவட்டங்களோடு நெருங்கிய தொடர்புள்ளது.

தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலைப் புரட்டினால் சேலம் மேல்நாடு குறவர், சேலம் உப்புக் குறவர், ஆத்தூர் மேல்நாடு குறவர், ஆத்தூர் கீழ்நாடு குறவர் என்ற பெயர்கள் வரிசையாக வரும். உங்கள் ஊர்ப் பெயர்கள்தான். இவர்களின் முன்னோரில் பலர் உப்பும் தானியமும் பொதிமாட்டில் ஏற்றி, கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே வியாபாரம் செய்தவர்கள். 1860-களில் சேலத்துக்கு ரயில் வந்தது. உப்பில் அரசின் பிடியும் இறுகியது. பொதிமாட்டுக்கு வேலை போயிற்று. பிழைப்பை இழந்து அலைந்தவர்களைப் பார்த்துச் சந்தேகப்பட்ட அரசு, 1871-இல் வடக்கே பிறப்பித்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டியது. ரேகை வைத்தார்கள், பெயர் பதிந்தார்கள், இராத்திரியில் ஆள் எண்ணினார்கள். ஊர் விட்டு ஊர் போகச் சீட்டு வாங்க வேண்டும் என்றார்கள். சென்னை மாகாணத்துக் குறவர்கள் இந்தச் சட்டத்துக்குள் தள்ளப்பட்ட விதத்தை வரலாற்றாய்வாளர் மீனா ராதாகிருஷ்ணா விரிவாகவே எழுதியிருக்கிறார்.

சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் ரத்தானது. அடுத்த ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்த இன்னொரு சட்டம் வந்தது. சமூகத்தின் பெயர் ஏட்டிலிருந்து போனது, ஆளின் பெயர் ஏட்டில் ஏறியது. ஸ்டேஷனில் சரித்திரப் பதிவேடு இன்றும் இருக்கிறது.

சிறைப் புள்ளிவிவரத்தில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்பட்டோர், ஏனையோர் என்ற பிரிவுகள் மட்டும்தான் உண்டு. சீர்மரபினருக்குத் தனிக் கட்டம் இல்லை. குறவர்களில் ஒரு பகுதியினர் பட்டியல் சாதியில், மறுபகுதியினர் சீர்மரபினரில். அதனால் இவர்களில் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதை அந்த அறிக்கையிலிருந்து எவராலும் சொல்ல முடியாது. சேலம் மேல்நாடு குறவர் ஒருவர் சேலம் சிறைக்குள் போனால், கணக்கில் அவர் பிற்பட்டோரில் ஒருவராகக் கரைந்துவிடுகிறார்.

இனி அந்த ரிமாண்ட் நிமிடங்களுக்கு வருவோம்.

ஒரு பகுதியில் நாலைந்து வீடுகளின் பூட்டு உடைகிறது. துப்பு இல்லை. மேலிருந்து நெருக்கடி. ஏட்டைப் புரட்டி, பழைய பெயர்களைத் தேடிப் போவது எளிது. பிடித்துவந்தவர் மீது ஒரு வழக்கு, கூடவே நிலுவையில் கிடக்கும் மற்றவை. ஒன்றில் ஜாமீன் கிடைத்தால் அடுத்ததில் பி.டி. வாரண்ட். ‘ஜெய் பீம்’ படத்தின் தொடக்கத்தில், சிறைவாசலில் விடுதலையாகி வருபவர்களைச் சாதி கேட்டுப் பிரித்து, ஒரு பகுதியினரை மறுபடியும் வண்டியில் ஏற்றும் காட்சியைச் சினிமாவுக்காகக் கூட்டிச் சொன்னது என்று நினைத்தவர்கள் உண்டு. குற்றவியல் நீதிமன்றத்தில் நாள்தோறும் நிற்பவர்கள் அப்படி நினைத்திருக்க வாய்ப்பில்லை.

சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை தண்டனை. வீட்டுக்குள் புகுந்து திருடினால் 7 ஆண்டு வரை. ஏழாண்டுக்கு உட்பட்ட குற்றங்களில் எடுத்தவுடன் கைது செய்யக் கூடாது, முதலில் நோட்டீஸ் கொடுங்கள் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காரணத்தை ஆராயாமல் ரிமாண்ட் செய்யக் கூடாது என்று நடுவர்களுக்கும் சேர்த்தே சொன்னது. ஆனால் இரவில் பூட்டு உடைத்துத் திருட நுழைந்ததாக ஒரு பிரிவைச் சேர்த்துவிட்டால் தண்டனை 14 ஆண்டு வரை ஏறிவிடும். பழைய சட்டத்தில் அது 457, புதிய நியாய சன்ஹிதாவில் 331. அந்த ஒரு எண் நோட்டீஸுக்கான வழியை அடைத்துவிடுகிறது. முதல் தகவல் அறிக்கையில் இரவு எங்கிருந்து வந்தது, புகாரில் இருந்ததா, பின்னால் ஏறியதா என்று கேட்க வேண்டியவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். அந்த நேரத்தில் பல சமயம் அங்கே வழக்கறிஞரே இருப்பதில்லை. குடும்பத்தார் பணம் புரட்டி வக்கீலைத் தேடி வரும்போது ஆள் கிளைச் சிறைக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருக்கும்.

காயம் இருக்கிறதா என்று நடுவர் கேட்பதும் அந்த நேரத்தில்தான். 2022 ஜனவரியில் சேலம் கருப்பூரைச் சேர்ந்த மாற்றுத்திறனாளி ஒருவரையும் அவர் மனைவியையும் நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம் போலீசார் திருட்டு வழக்கில் பிடித்தார்கள். நீதிமன்றக் காவலில் நாமக்கல் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்ட அவர், பிடிபட்டு ஒரு வாரம் ஆவதற்குள் சேலம் அரசு மருத்துவமனையில் இறந்துபோனார். போலீசார் மூவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்கு மாறியது. கைதானவரை மருத்துவர் பார்க்க வேண்டும், உடலில் உள்ள காயத்தைக் குறிக்க வேண்டும் என்ற டி.கே.பாசு வழக்கின் கட்டளைகள் 1996-லிருந்தே இருக்கின்றன. ரிமாண்டின்போது அவற்றை ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்கும் ஒரு குரல் இருப்பதும் இல்லாததும் உயிர் விஷயம்.

போலீஸ் தரப்பு ஒன்று கேட்கும்: திருட்டுக் கொடுத்தவள் தறி ஓட்டிச் சேர்த்த தாலிக்கொடியை இழந்திருக்கிறாள், அவளுக்கு யார் பதில் சொல்வது? நியாயமான கேள்வி. தவறான ஆளைப் பிடித்து உள்ளே வைத்தால் அவளுக்கும் கொடி திரும்பாது, திருடியவனும் வெளியிலேயே இருப்பான். இதையும் நீதிமன்றத்தில் சொல்லலாம்.

அடுத்த வாசல் ஜாமீன். ஆணை கிடைத்தும் ஆள் வெளியே வராத கதைகள் உங்களிடம் நிறைய இருக்கும். இரண்டு ஜாமீன்தாரர், அவர்களில் ஒருவர் ரத்த சம்பந்தம், வீட்டு வரி ரசீது, வட்டாட்சியரிடம் சொத்து மதிப்புச் சான்று. புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவருக்கு வரி ரசீது எங்கிருந்து வரும்? அவருடைய ரத்த சொந்தமும் பக்கத்துக் குடிசையில்தான் இருக்கும். பள்ளிபாளையம் தறிக்கூடத்துக்கு வந்த வெளிமாநிலத் தொழிலாளிக்கோ சொந்தமே ஆயிரம் மைல் தள்ளி. 1978-இல் மோத்தி ராம் என்ற கொத்தனாருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்ட நடுவர், ஜாமீன் நிற்க வந்த சகோதரர் வேறு மாவட்டத்துக்காரர் என்று தள்ளிவிட்டார். அந்த வழக்கில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் ஏழைக்கு எட்டாத ஜாமீனைக் கடுமையாகக் கண்டித்துத் தொகையை 1,000 ரூபாயாகக் குறைத்தார். நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் அதே ரசீது, அதே சான்று.

‘இதெல்லாம் ஏழ்மை, சாதி எங்கே வந்தது?’ என்று உங்களில் சிலர் கேட்கலாம். நிலமும் பட்டாவும் யாரிடம் இருக்கின்றன என்பதைக் கொங்குச் சமவெளியில் சாதியைத் தொடாமல் சொல்லிப் பாருங்கள். ஜாமீன் நிபந்தனை சொத்தைக் கேட்கிறது. சொத்து எந்தத் தெருவில் இருக்கிறது என்பது பழைய கணக்கு. நடுவர் மனதில் சாதி இல்லாமலேயே ஆணையில் அது வந்து உட்கார்ந்துவிடுகிறது.

உள்ளே இருப்பதால் வரும் இன்னொரு கேட்டை அமெரிக்காவில் அளந்தே பார்த்தார்கள். ஹூஸ்டன் நகரம் அடங்கிய ஹாரிஸ் கவுண்டியில் சிறு வழக்குகளை ஆராய்ந்த மூன்று ஆய்வாளர்கள், விசாரணைக்கு முன் சிறையில் வைக்கப்பட்டவர்கள், அதே மாதிரி வழக்கில் வெளியே இருந்தவர்களைவிட 25 விழுக்காடு கூடுதலாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்று 2017-இல் எழுதினார்கள். நம் ஊரில் இதற்கு ஆய்வறிக்கை வேண்டியதில்லை. ‘ஒத்துக்கோ, இருந்த நாளே தண்டனை, சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்’ என்று நீதிமன்ற வராண்டாவில் கேட்கும் குரல் எல்லோருக்கும் தெரிந்தது. போகிறவர் வீட்டுக்குப் போகிறார். ஒப்புக்கொண்டது பதிவேட்டுக்குப் போகிறது. அடுத்த பூட்டு உடைந்ததும் முதலில் தேடப்படும் பெயர் அவருடையது. வாழ்நாள் முழுக்க அவர் ‘பழைய குற்றவாளி’.

மூன்றாவது வாசல் குண்டாஸ். 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டம், விசாரணையே இல்லாமல் ஒருவரை 12 மாதம் வரை உள்ளே வைக்கிறது. சேலம் மாநகரில் ஆணையர் கையெழுத்து, நாமக்கல்லில் ஆட்சியர் கையெழுத்து. 2021 இறுதியில் நாடு முழுவதும் தடுப்புக் காவலில் இருந்த 3,470 பேரில் 1,775 பேர் தமிழ்நாட்டில் இருந்தார்கள். பாதிக்கும் மேல். 2017 ஜூலையில் துண்டறிக்கை கொடுத்ததற்காக சேலத்தில் கைதான மாணவி வளர்மதி மீதும் இச்சட்டம் பாய்ந்தது. ஊடகமும் இயக்கங்களும் துணை நிற்க, செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. துணைக்கு யாரும் இல்லாதவர் ஆட்கொணர்வு மனுப் போட சென்னைக்குப் போக வேண்டும். கைதியின் முறையீட்டை அரசு பரிசீலிப்பதில் தாமதம், படிக்க முடியாத நகல், தமிழில் தராத ஆவணம் என்று உயர் நீதிமன்றம் ஆணைகளை ரத்து செய்துகொண்டே இருக்கிறது. ஆனால் ரத்து வரும்போது பாதி ஆண்டு போயிருக்கும்.

மலையிலிருந்து வரும் கைதிகளின் கதை மாநில எல்லை தாண்டியது. 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் தமிழ்நாட்டு மரம்வெட்டும் தொழிலாளர்கள் 200-க்கும் மேற்பட்டோர் ஆந்திரச் சிறைகளில் இரண்டாண்டுக்கு மேல் கிடந்தார்கள். 2016-இல் திருப்பதி நீதிமன்றம் குற்றம் நிரூபணமாகவில்லை என்று விடுவித்தது. கல்வராயன், ஜவ்வாது, சித்தேரி மலைகளிலிருந்து கூலிக்குப் போனவர்களுக்கு வேற்று மொழி நீதிமன்றத்தில் ஜாமீன் நிற்க யார் இருந்தார்கள்?

இத்தனைக்கும் நடுவே உங்கள் கைக்கு ஒரு நல்ல ஆயுதம் வந்திருக்கிறது. பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடர்ந்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் தலைமையிலான அமர்வு, சிறை விதிகளில் இருந்த சாதிப் பாகுபாட்டைச் செல்லாது என்று அறிவித்தது. சமையல் இன்ன சாதிக்கு, கழிவறை இன்ன சாதிக்கு என்ற விதிகள் பல மாநிலங்களில் அதுவரை அச்சில் இருந்தன. நாடோடிச் சமூகத்தவருக்குத் தப்பியோடும் இயல்பு உண்டு என்று எழுதிய மேற்கு வங்க விதியும் அவற்றில் ஒன்று. நம் பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்திருந்ததும் அந்த வழக்கில் பேசப்பட்டது. மோதலைத் தவிர்க்கவே பிரிக்கிறோம் என்ற வாதத்தை 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

நாளிதழ்கள் சமையலறையையும் கழிவறையையும் பற்றி எழுதின. ரிமாண்டுக்கு உதவும் பகுதி பலர் கண்ணில் படவில்லை. சீர்மரபினரைக் கண்டபடி கைது செய்யக் கூடாது என்றும், அர்னேஷ் குமார் வழக்கின் கட்டளைகளையும் 2024 மே மாதம் வந்த அமானத்துல்லா கான் தீர்ப்பின் கட்டளைகளையும் போலீஸ் பின்பற்ற வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு உத்தரவிட்டிருக்கிறது. பின்தங்கிய சமூகத்தில் பிறந்தார் என்பதற்காகவே ஒருவர் பெயரைச் சரித்திரப் பதிவேட்டில் இயந்திரம்போல் ஏற்றாதீர்கள் என்று சொன்னது அமானத்துல்லா கான் தீர்ப்பு. ஆத்தூரிலோ ராசிபுரத்திலோ ஒரு குறவர் இளைஞரை ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது இவ்விரு தீர்ப்புகளின் நகலும் உங்கள் கட்டில் இருக்கட்டும்.

ஜாமீனுக்கும் வழி இருக்கிறது. ஒரே ஆளைப் பல வழக்குகளுக்கும் ஜாமீன்தாரராக ஏற்கலாம் என்று 2024 ஆகஸ்டில் கிரீஷ் காந்தி வழக்கில் தீர்ப்பு வந்தது. ஐந்தாறு வழக்கு சுமத்தப்பட்டவருக்கு இதைவிடப் பயனுள்ள தீர்ப்பு இல்லை. ஜாமீன் ஆணை கிடைத்து 7 நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி 31 உத்தரவு. ஏழைக் கைதிகளுக்கான ஒன்றிய அரசுத் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு ஜாமீன் தொகைக்கு உதவி கிடைக்கும். இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனைக் காலத்தில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்திருந்தால், மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்கள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-ஆவது பிரிவு அவரை விடுவிக்கச் சொல்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மனு எழுத ஆள்தான் வேண்டும்.

ஆகவே சேலம், நாமக்கல் வழக்கறிஞர் சங்கங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, ரிமாண்ட் நேரத்துக்கு முறை வையுங்கள். விடுமுறை நாளிலும், நடுவர் வீட்டில் ஆஜர்படுத்தும் இரவிலும், சட்ட உதவி வழக்கறிஞரோடு சங்கத்தின் இளையவர் ஒருவரும் நிற்கட்டும். எத்தனை மணிக்குப் பிடித்தார்கள், வீட்டாருக்குச் சொன்னார்களா, காயம் உண்டா, நோட்டீஸ் கொடுத்தார்களா என்ற நான்கு கேள்விகளும் பதிலோடு பதிவாகட்டும்.

இரண்டாவது, ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்களின் பட்டியலை மாதம் ஒருமுறை சேலம் மத்திய சிறையிலிருந்தும் கிளைச் சிறைகளிலிருந்தும் கேட்டு வாங்கி, நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனுப் போடுங்கள்.

மூன்றாவது, எண்ணுங்கள். ஆவணக் காப்பகம் மாநில அளவில்தான் சாதிக் கணக்கை அச்சிடுகிறது. சீர்மரபினரைத் தனியாகக் காட்டுவதே இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், உங்கள் வழக்குக் கட்டுகளிலிருந்தும் எடுங்கள். ரிமாண்ட் ஆனவர் எந்தச் சமூகம், எந்தப் பிரிவு, எத்தனை நாளில் ஜாமீன், எத்தனை நாளில் வெளியே, கடைசியில் விடுதலையா தண்டனையா. ஓராண்டுக்கு இந்தக் கணக்கு போதும். பெயர் வேண்டாம்.

முதன்மை மாவட்ட நீதிபதி தலைமையில் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு இரண்டு மாவட்டங்களிலும் இருக்கிறது. ஆட்சியரும் காவல்துறை உயர் அதிகாரியும் சிறைக் கண்காணிப்பாளரும் அதில் உட்காருகிறார்கள். அந்தக் குழுவின் அடுத்த கூட்டத்தில் உங்கள் கணக்கை வையுங்கள். சமூகத்துக்குச் சமூகம் ஜாமீன் நாட்களில் வேறுபாடு இல்லை என்று கணக்கு சொன்னால் அதையும் அங்கேயே சொல்லுங்கள். இருக்கிறது என்று சொன்னால், எந்த நீதிமன்றத்தில், எந்தக் காவல் நிலைய எல்லையில், எந்தப் பிரிவின் கீழ் என்று குறித்துக்கொடுத்து, அடுத்த காலாண்டுக்குள் என்ன மாறும் என்று அந்தக் குழுவிடம் எழுத்தில் பதில் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாவட்டத்து வாசகர்